உள்ளறையில் காய்ந்த சட்டை

மூன்று வருடங்களுக்கு முன்னால், அப்பாவின் முதல் வருடத் திதி முடிந்த இரவு, முகநூலில் அவரைப் பற்றி ஒரு பதிவு எழுதினேன். வந்திருந்த சொந்தக்காரர்கள் கிளம்பிவிட்டார்கள். அம்மா படுத்துவிட்டாள். வடை சுட்ட எண்ணெய் வாசம் இன்னும் போகாத வீட்டில், மாடிப்படியில் உட்கார்ந்து போனிலேயே தட்டினேன். நாற்பது நிமிடம் ஆகியிருக்கலாம்.

எழுதியது இதுதான். அப்பா கோவையில் ஒரு மில்லில், ஸ்பின்னிங் பிரிவில் 26 வருடம் வேலை பார்த்தார். தொண்ணூறுகளின் கடைசியில் மில்லை மூடினார்கள். கைக்கு வந்த செட்டில்மென்ட் பணம் அக்கா கல்யாணத்துக்குச் சரியாக இருந்தது. அதன் பிறகு 11 வருடம், ஊரின் இன்னொரு முனையில் ஒரு அடுக்குமாடிக் குடியிருப்பில் வாட்ச்மேனாக இருந்தார். சொந்தத்தில் யாருக்கும் தெரியாது. கேட்டவர்களிடம் "ஒரு கம்பெனியில கணக்கு எழுதறேனுங்க" என்பார். வெள்ளைச் சட்டையில்தான் வீட்டை விட்டுக் கிளம்புவார். நீல யூனிபார்ம் மஞ்சள் பைக்குள் இருக்கும். அம்மா அதைத் துவைத்து மாடியில் காயப்போட மாட்டாள். உள்ளறையில் ஃபேனுக்கு அடியில் கொடி கட்டிக் காயப்போடுவாள். மழை மாதங்களில் அந்த அறையில் எப்போதும் ஒரு ஈர வாடை இருக்கும்.

அவருடைய மகன் என்பதில் எனக்குப் பெருமை என்று முடித்திருந்தேன்.

காலையில் பார்த்தால் ஆயிரத்துக்கு மேல் விருப்பக்குறிகள். பள்ளிக்கூடத்தில் என்னோடு படித்து, பெயர்கூட மறந்துபோனவர்கள் வந்து அழுதிருந்தார்கள். முன்பின் தெரியாத ஒருவர் தன் அப்பா ஓட்டலில் இலை எடுத்ததை முதன்முதலாக எழுதுகிறேன் என்று எழுதியிருந்தார். அன்று முழுக்க அலுவலகத்தில் வேலை ஓடவில்லை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போனை எடுத்துப் பார்த்துக்கொண்டே இருந்தேன்.

மூன்றாம் நாள் அக்கா கூப்பிட்டாள்.

"நல்லாத்தான் எழுதியிருக்கே. எங்க அத்தை படிச்சுட்டுக் கண்ணைத் தொடச்சாங்க. தொடச்சுட்டு, 'அப்ப இத்தனை வருஷமா சம்பந்தி எங்ககிட்டப் பொய்தான் சொல்லிட்டிருந்தாரா'ன்னு கேட்டாங்க. யாரைக் கேட்டுடா எழுதின?"

"எங்கப்பாவைப் பத்தி எழுத நான் யாரைக் கேக்கணும்?"

"உங்கப்பாவா?" என்றாள். அவ்வளவுதான், வைத்துவிட்டாள்.

பதிவை எனக்கு மட்டும் தெரியும்படி மாற்றி வைத்தேன். அது பிரயோஜனப்படவில்லை. இரண்டு வாரம் கழித்துக் குடும்ப வாட்ஸாப் குழுவில் என் தாய்மாமா ஒன்றைப் பகிர்ந்திருந்தார். 'படித்ததில் பிடித்தது' என்று தலைப்பு. மில் 'ஒரு தொழிற்சாலை' ஆகியிருந்தது. அப்பா 'ஒரு ஏழைத் தந்தை' ஆகியிருந்தார். கடைசியில் பெற்றோரை மதிப்போம் என்று நான் எழுதாத நான்கு வரியும், இரண்டு கைகூப்பும் படங்களும். மாமா அதன் கீழே, 'கண் கலங்கியது' என்று எழுதியிருந்தார். அது தன்னுடைய மச்சானைப் பற்றியது என்று அவருக்குத் தெரியாது. முகநூல் பக்கம் வருகிறவர் இல்லை அவர். நான் ஒன்றும் சொல்லவில்லை. அக்கா மட்டும் குழுவை விட்டு வெளியேறினாள்.

அன்றிலிருந்து எனக்குள் ஒரு கேள்வி. அப்படி என்ன உந்தியது என்னை? ஒரு மனிதர் 11 வருடம் மஞ்சள் பைக்குள் வைத்துக்கொண்டு போன ஒன்றை, நாற்பது நிமிடத்தில் எடுத்து வெளியே போட ஏன் அவ்வளவு அவசரப்பட்டேன்?

*

பாரம் இறங்கத்தான், வேறென்ன என்பது எல்லோரும் சொல்கிற பதில். ஏ.கே. ராமானுஜன் தொகுத்த இந்திய நாட்டார் கதைகளில் தமிழ்நாட்டுக் கதை ஒன்று வருகிறது. மகன்களும் மருமகள்களும் படுத்தும் பாட்டை யாரிடமும் சொல்ல முடியாத ஒரு கிழவி, சொல்லாமல் சொல்லாமல் உடம்பு ஊதிக்கொண்டே போகிறாள். ஒருநாள் ஊருக்கு வெளியே கூரை போன ஒரு பாழ் வீட்டுக்குள் போய், ஒரு சுவரைப் பார்த்து ஒரு மகனைப் பற்றிச் சொல்கிறாள். அந்தச் சுவர் பாரம் தாங்காமல் இடிந்து விழுகிறது. அவள் உடம்பு கொஞ்சம் இளைக்கிறது. அடுத்த சுவர், அடுத்த ஆள். நாலு சுவரும் விழுந்த பிறகு இலகுவாக வீடு திரும்புகிறாள்.

இந்தக் கதையை மனதின் பாரத்துக்கு உதாரணமாகச் சொல்வார்கள். எனக்கு இதில் உறுத்துவது, சுவருக்குக் காது கிடையாது என்பது. கேட்க ஆளே இல்லாமல் கிழவிக்குக் குறைந்துவிட்டதே. உளவியலிலும் இதற்குக் கிட்டத்தட்ட இதே மாதிரி ஒரு சோதனை உண்டு. 1986-இல் ஜேம்ஸ் பென்னிபேக்கரும் சாண்ட்ரா பீலும் வெளியிட்டது. கல்லூரி மாணவர்களைத் தொடர்ந்து நான்கு நாள், நாளுக்கு 15 நிமிடம், வாழ்க்கையில் மனதை மிகவும் பாதித்த விஷயத்தைப் பற்றி எழுதச் சொன்னார்கள். நடந்ததையும் அப்போது பட்ட உணர்ச்சியையும் சேர்த்து எழுதியவர்கள், அடுத்து வந்த மாதங்களில் மருத்துவரைத் தேடிப் போனது மற்றவர்களைவிடக் குறைவாக இருந்தது. அவர்கள் எழுதியதை யாரும் விருப்பக்குறி போட்டுப் பாராட்டவில்லை. தாளை ஆய்வாளர்களிடம் கொடுத்துவிட்டுப் போனார்கள், அவ்வளவுதான்.

ஆக பாரம் இறக்க எழுதினால் போதும். ஒரு நோட்டு போதும், நாலு சுவர் போதும். நானும் நோட்டில் எழுதியிருக்கலாமே? மாடிப்படியில் உட்கார்ந்திருந்தபோது நோட்டு என்கிற யோசனையே எனக்கு வரவில்லை. எனக்கு ஆள் வேண்டியிருந்தது.

புகழுக்குத்தான் என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம். கொஞ்சம் உண்மையும்கூட. ஆனால் புகழ் வேண்டும் என்றால் அதற்கு வேறு வழிகள் இருக்கின்றன. ஒருவர் தன் வீட்டுத் துக்கத்தை எடுத்துக்கொண்டு வருவதற்கு அது மட்டும் காரணம் என்று சொன்னால், ஓட்டலில் இலை எடுத்த அப்பாவைப் பற்றி என் பதிவுக்குக் கீழே, நாற்பதாவதோ ஐம்பதாவதோ ஆளாக எழுதிவிட்டுப் போனாரே, அவரை எந்தக் கணக்கில் சேர்ப்பது? அதை யார் படித்தார்கள்? நான் படித்தேன். அவருக்கு அது போதும் போலிருந்தது.

*

நமக்கு இது புதிதும் இல்லை. சொந்தத் துக்கத்தை ஊர் முன்னால் சொல்வதற்கென்றே நம்மிடம் ஒரு வடிவம் இருந்தது. எங்கள் அமுச்சி செத்தபோது எனக்குப் பத்து வயது. பெரியம்மா தலைவிரி கோலமாக உள்ளே வந்து, பந்தலில் உட்கார்ந்திருந்த பெண்களைக் கட்டிக்கொண்டு ஒப்பாரி வைத்தாள். முதலில் அமுச்சியைப் பற்றி. போகப்போக அது வேறு எங்கோ திரும்பியது. தன்னை எங்கே கொண்டுபோய்க் கட்டிக்கொடுத்தார்கள், தம்பி வீட்டு விசேஷத்தில் தனக்கு என்ன மரியாதை நடந்தது, நிலத்தில் தனக்குச் சேர வேண்டியது எங்கே போயிற்று என்று எல்லாம் ராகத்தோடு வந்தது. தம்பி, அதாவது அந்த வாட்ஸாப் மாமா, தோளில் துண்டோடு வாசலில் நின்றுகொண்டிருந்தார். தலையைக் குனிந்துகொண்டார். எதிர்த்து ஒரு வார்த்தை பேசவில்லை. இழவு வீட்டில் அழுகையில் சொன்னதற்குப் பதில் பேசக்கூடாது. மறுநாள் பால் தெளித்துவிட்டு வந்து இருவரும் பக்கத்துப் பக்கத்து இலையில் உட்கார்ந்து சாப்பிட்டார்கள்.

ஒப்பாரியைப் பற்றி உயர்வாகப் பேச எனக்கு ஆசையில்லை. பெரியம்மாவுக்கு நிலம் கடைசிவரை வரவில்லை. ஆனால் அதில் ஒரு ஒழுங்கு இருந்தது. யாரைப் பற்றிச் சொல்கிறாளோ அவர் காது கேட்கும் தூரத்தில் நிற்கிறார். கேட்கிறவர்கள் கட்டிப்பிடித்துச் சேர்ந்து அழ வேண்டும். சும்மா கேட்டுவிட்டுப் போக முடியாது. தோளெல்லாம் ஈரமாகும், முதுகு வலிக்கும். அப்புறம், அழுகை எடுக்கிற வரைக்கும்தான் அது. பிணம் எடுத்ததும் பேச்சும் நின்றுவிடும். அதை யாரும் எடுத்துக்கொண்டு போய் வேறொரு ஊரில், வேறொரு பிணத்துக்கு வைக்க மாட்டார்கள்.

மாடிப்படியில் நான் தேடியது இந்தப் பந்தலைத்தான் என்று இப்போது படுகிறது. அப்பாவின் சாவு வீட்டில் ஆண்பிள்ளையாக நான் காரியம் செய்தேன், சாமியானாக்காரருக்குக் கணக்குத் தீர்த்தேன். அழவில்லை. எங்கள் தலைமுறையில் வீட்டுப் பெண்கள்கூட யாரும் ராகம் போட்டு அழுவதில்லை. ஒரு வருடம் கழித்து, மனதில் என்ன இருக்கிறது என்று கேட்கிற ஒரு பெட்டி கையில் இருந்தது. அங்கே போய் உட்கார்ந்துகொண்டேன். நான் யாரைப் பற்றிச் சொன்னேனோ அவர் வாசலில் நிற்கவில்லை என்பது அப்போது எனக்கு வசதியாக இருந்தது.

*

இந்த இடத்தில் எனக்கு ரூசோ ஞாபகம் வருகிறார். தன்னுடைய 'ஒப்புதல்கள்' நூலில் ஒரு ரிப்பன் திருட்டைப் பற்றி எழுதியிருக்கிறார். 1728, இத்தாலியில் டூரின் நகரம். ரூசோவுக்கு வயது 16. வேலை பார்த்த வீட்டு எஜமானி இறந்துபோன சமயத்தில், அங்கே கிடந்த ஒரு பழைய ரிப்பனை எடுத்துவிடுகிறார். மாட்டிக்கொண்டதும், மரியான் என்கிற சமையல்காரப் பெண் தனக்குக் கொடுத்தது என்று அவள் முகத்துக்கு எதிரே பழி போடுகிறார். இரண்டு பேரையும் வேலையை விட்டு அனுப்பிவிடுகிறார்கள். திருட்டுப் பழியோடு போன அந்தப் பெண்ணுக்கு அப்புறம் எங்கே வேலை கிடைத்திருக்கும் என்ற நினைப்பு தன்னை வாழ்நாள் முழுக்க அரித்தது, இந்தப் புத்தகத்தை எழுத முடிவெடுத்ததில் அந்தப் பாரத்திலிருந்து விடுபடும் ஆசைக்குப் பெரிய பங்கு உண்டு என்று அவரே சொல்கிறார்.

சொல்லி முடித்ததும் அவருக்குப் பாரம் இறங்கியிருக்கும். மரியானுக்கு? அவளுடைய முழுப்பெயர்கூட நமக்குத் தெரியாது. முந்நூறு வருடம் ஆகப்போகிறது, உலகம் முழுக்க ஒரு ரிப்பனோடு சேர்த்துத்தான் அவளைத் தெரியும். அவளிடம் யாரும் கேட்கவில்லை.

அதைவிட எனக்கு நெருக்கமாகத் தெரிவது, ரூசோ அந்தக் கையெழுத்துப் பிரதியை வைத்துக்கொண்டு செய்தது. புத்தகம் அச்சில் வரத் தொடங்கியது அவர் இறந்து நான்கு வருடம் கழித்து, 1782-இல். ஆனால் அவரால் அதுவரை பொறுக்க முடியவில்லை. 1770-71 குளிர்காலத்தில் பாரிஸில் பெரிய வீடுகளில் ஆட்களைக் கூட்டி, மணிக்கணக்கில் உரக்கப் படித்துக் காட்டினார். ஒருகாலத்தில் அவருக்கு உதவியாக இருந்து, பிறகு மனம் கசந்து பிரிந்த மதாம் தெபினே, தன்னைப் பற்றி அதில் என்ன வருமோ என்று போலீஸ் அதிகாரியிடம் முறையிட்டு அதை நிறுத்தச் சொன்னார். அக்கா என்னை போனில் கூப்பிட்டதைப் போலத்தான்.

தன் நூலின் கடைசிப் பத்தியில் அப்படிப்பட்ட ஒரு வாசிப்பு எப்படி முடிந்தது என்று ரூசோ எழுதியிருக்கிறார். படித்து முடித்தார். எல்லோரும் பேசாமல் இருந்தார்கள். மதாம் தெக்மோன் ஒருவர் மட்டும் நெகிழ்ந்ததுபோல் தெரிந்தது, அவர் உடம்பு நடுங்கியது, சட்டென்று சுதாரித்துக்கொண்டார், அவரும் ஒன்றும் சொல்லவில்லை. அந்த நடுக்கத்தை மட்டும் குறித்துக்கொண்டு மனிதர் புத்தகத்தை முடித்துவிடுகிறார். பத்து நிமிடத்துக்கு ஒருமுறை போனைப் பார்த்த என்னை அந்தப் பத்தியில் பார்த்தேன். அவருக்கு என்ன வேண்டியிருந்தது? பாரம் தாளில் இறங்கிவிட்டதே. யாராவது ஒருவர், போகட்டும், நீ கெட்டவன் இல்லை என்று சொல்ல வேண்டியிருந்தது. பாவமன்னிப்பைக்கூட விடுங்கள், ஒரு விடுதலைத் தீர்ப்பு. அதற்குச் சுவர் உதவாது. தீர்ப்புச் சொல்ல ஆள் வேண்டும்.

எல்லோரும் அப்படி இல்லை என்பதற்கு ஆன் ஃபிராங்க் இருக்கிறாள். 1944 மார்ச் 28 அன்று, லண்டனிலிருந்து வந்த டச்சு வானொலியில், நாடு கடந்த அரசின் அமைச்சர் போல்கெஸ்டைன், மக்களின் நாட்குறிப்புகளும் கடிதங்களும் போருக்குப் பிறகு சேகரிக்கப்பட வேண்டும் என்று பேசியதை அவள் ஒளிந்திருந்த இடத்திலிருந்து கேட்டாள். மே மாதம் தன் நாட்குறிப்பைத் தனித்தாள்களில் திருத்தி எழுத ஆரம்பித்தாள். ஆகஸ்ட் 4-ஆம் தேதி பிடிபடும்வரை இருநூறுக்கும் மேற்பட்ட தாள்கள். அதுவரை தனக்குத்தானே எழுதிக்கொண்டிருந்த 14 வயதுப் பெண், வெளியே ஒரு காது இருக்கிறது என்று தெரிந்ததும் எப்படி வேகம் பிடிக்கிறாள்! பாராட்டு எட்டிப் பார்க்க முடியாத இடம் அது. இங்கே நாங்கள் இருந்தோம் என்று யாராவது ஒருவருக்குத் தெரிய வேண்டும், அது ஒரு காரணம். எழுத்தாளராக வேண்டும் என்ற ஆசை இன்னொன்று. அப்படி எழுதும்போதுகூட, கூட ஒளிந்திருந்தவர்களுக்கு மாற்றுப் பெயர்களைப் பட்டியல் போட்டு வைத்திருந்தாள். அவர்களில் சிலரை அவளுக்குச் சுத்தமாகப் பிடிக்காது என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

அந்தத் தாள்களைப் பொறுக்கி எடுத்துத் தன் மேஜை இழுப்பறையில் வைத்திருந்த மீப் ஹீஸ், அவற்றைப் படிக்கவே இல்லை. சின்னப் பெண்ணாக இருந்தாலும் அது அவளுடையது, அவளிடம் திருப்பிக் கொடுக்க வேண்டியது என்பதால். அவள் வரவில்லை என்பது உறுதியான பிறகு அவளுடைய அப்பாவிடம் கொடுத்தார். படித்திருந்தால், உதவியவர்களின் பெயர்கள் அதில் இருந்ததால் எரித்திருக்க வேண்டி வந்திருக்கும் என்று பின்னாளில் சொன்னார். ஒரு வருடம் பக்கத்திலேயே வைத்துக்கொண்டு படிக்காமல் இருந்த அந்த அம்மாளை அடிக்கடி நினைத்துக்கொள்கிறேன்.

*

இனி என் விஷயம். அந்தப் பதிவில் நான் எழுதாமல் விட்டது ஒன்று உண்டு.

2003. கல்லூரி இரண்டாம் வருடம். வகுப்புத் தோழன் ஒருவனுக்குப் பிறந்தநாள். இரண்டு பைக்கில் நான்கு பேர் போனோம். அப்பா வாட்ச்மேன் என்று தெரியும், எந்த இடம் என்று தெரியாது. நான் கேட்டதில்லை. கேட்டைத் திறந்தது அவர்தான். என்னைப் பார்த்தார். ஒரு நொடிதான். அப்புறம் எல்லோருக்கும் வைப்பதுபோல எங்களுக்கும் ஒரு சல்யூட் வைத்துவிட்டு, "எந்த வீடுங்க?" என்று முன்னால் இருந்தவனிடம் கேட்டார். அவன் சொன்னான். நோட்டை நீட்டினார். வரிசையாகப் பெயர் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். என் முறை வந்தபோது இனிஷியல் இல்லாமல் வெறும் பெயரை எழுதினேன். எழுதி, தலை நிமிராமல் உள்ளே போனேன். திரும்பி வரும்போது கேட்டில் வேறு ஆள் இருந்தார்.

ராத்திரி வீட்டில் அப்பா, "சாப்பிட்டியா சாமி?" என்று கேட்டார். "சாப்பிட்டேன்" என்றேன். பிறகு அவர் இருந்தவரை அதைப் பற்றி நாங்கள் பேசவில்லை.

மாடிப்படியில் உட்கார்ந்து, அவருடைய மகன் என்பதில் எனக்குப் பெருமை என்று எழுதிய கை அதுதான். அப்பா மறைத்ததை எடுத்து வெளியே வைத்தேன். நான் மறைத்ததை அதற்குள்ளேயே இன்னும் ஆழமாகப் புதைத்தேன். ஆயிரம் பேர் நல்ல மகன் என்று சொன்னார்கள். எனக்கு வேண்டியிருந்த தீர்ப்பு கிடைத்துவிட்டது, பாதி வழக்கை மட்டும் சொல்லி வாங்கிய தீர்ப்பு.

இதை இப்போது இங்கே எழுதுவதில் ரூசோவின் கள்ளத்தனம் இல்லை என்று என்னால் சத்தியம் செய்ய முடியாது. குற்றத்தையும் சேர்த்துச் சொல்லிவிட்டால் இன்னும் நல்ல மகன் ஆகிவிடலாம் என்று உள்ளே ஒருவன் கணக்குப் போடுகிறான். அவனை வைத்துக்கொண்டுதான் எழுதுகிறேன்.

ஒரு வித்தியாசம் உண்டு. இந்த முறை அக்காவிடம் முதலில் போனேன். சண்டைக்குப் பிறகு எட்டு மாதம் அவளோடு சரியான பேச்சு இல்லை. பொள்ளாச்சிக்கு பஸ் ஏறிப் போய், அவள் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்து கேட் கதையைச் சொன்னேன். வெங்காயம் உரித்துக்கொண்டே கேட்டாள். கேட்டுவிட்டு அவள் சொன்னது வேறு கதை.

"மாசாமாசம் வருவாருடா. ஐநூறு ரூபா மடிச்சுக் கையில வெப்பாரு. உங்க வீட்டுக்காரருக்குத் தெரிய வேண்டாம், பசங்களுக்கு ஏதாச்சும் வாங்கிக் குடுன்னு. கணக்கு எழுதற சம்பளம், மேல கொஞ்சம் வருதுன்னுதான் வாங்குனேன். ராத்திரியெல்லாம் கேட்டுல நின்ன காசுன்னு தெரிஞ்சா வாங்கியிருப்பனா? அவரு யார்கிட்ட மறைச்சாரோ இல்லையோ, எங்கிட்ட மறைச்சதே நான் அதை வாங்கோணும்னுதான். நீ போட்டு உடைச்சதும் அத்தனை ஐநூறும் திரும்பி வந்து மடியில விழுந்த மாதிரி இருந்துச்சு. திருப்பிக் குடுக்க ஆள் இல்ல."

இப்படி ஒன்று அந்தப் பொய்க்குள் இருந்தது என்பது எனக்குத் தெரியாது. மானத்துக்காக மறைக்கிறார் என்றே நினைத்திருந்தேன். மானம் பார்க்கிறவர் இறந்த பிறகு அதை உடைத்தால் யாருக்கு நஷ்டம் என்பதுதான் என் கணக்காக இருந்தது.

இந்தக் கட்டுரையை எழுதி முடித்து அக்காவுக்கு அனுப்பினேன். இரண்டு இடங்களை எடுக்கச் சொன்னாள், எடுத்துவிட்டேன். அவள் அத்தை கேட்டது இருக்கட்டும் என்றாள். அவர் இப்போது இல்லை. ஐநூறு ரூபாயும் இருக்கட்டும் என்றாள். பிறகு, "ஒரு தப்பு இருக்கு. யூனிபார்ம் நீலம் இல்ல. பிரவுன். நீலம் கடைசி ரெண்டு வருஷந்தான்" என்றாள்.

"உனக்கெப்படித் தெரியும்?"

கொஞ்ச நேரம் ஒன்றும் பேசவில்லை. பின்னால் குக்கர் சத்தம் கேட்டது.

"வீட்டுக்கு வந்திருந்தப்ப உள்ள ரூம்ல தொங்குச்சு. யாரோடதும்மான்னு கேட்டேன். பக்கத்து வீட்டுக்காரரோடது, அவங்க மாடியில இடமில்லைன்னு குடுத்தாங்கன்னு அம்மா சொன்னா. நானும் சரின்னுட்டேன்" என்றாள். "அதையும் வேணா எழுதிக்கோ."